ஐந்தாவது புள்ளி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எட்டு மாதமாக யாரும் சாப்பிடவில்லை. மேசை முழுக்க அம்மாவின் ஒயர்களும் ஸ்க்ரூக்களும் குட்டிக் குட்டிப் பச்சைச் சர்க்யூட் பலகைகளும் பரவிக் கிடந்தன. நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருநாள் என் சாதத்தில் ஒரு ஸ்க்ரூ கிடைத்தது. அதைத்தான் காலையிலிருந்து தேடுகிறேன் என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

அம்மா எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். ஆற்றில் போகும் ராஃப்டிங் படகுகளைக் கரையில் இருந்தபடியே பார்க்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தார்.

ராஃப்டிங் படகு மரப்படகு அல்ல. காற்றடைத்த பெரிய ரப்பர் படகு. ஆறு பேர் துடுப்போடு உட்காருவார்கள். பின்னால் உட்காரும் படகோட்டி, எப்போது துடுப்புப் போட வேண்டும், எப்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கத்திக்கொண்டே வருவார். எங்கள் ஆற்றில் பாறையும் அதிகம், வளைவும் அதிகம். இரண்டு வளைவு தாண்டினால் வாக்கி-டாக்கிகூட ஊமையாகிவிடும்.

அதனால்தான் அம்மாவின் பெட்டி. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். படகுக்கு ஒன்று. அது தான் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் மூலம் தெரிந்துகொண்டு மலைமேல் உள்ள கம்பத்துக்குச் சொல்லும். கம்பம் எங்கள் திரைக்குச் சொல்லும். திரையில் ஒரு புள்ளி தெரியும். இதை அம்மா எனக்கு நான்கு தடவை விளக்கினார். நான்கு தடவையும் தலையை ஆட்டினேன். ஐந்தாவது தடவைதான் புரிந்தது.

படகு நிலையத்தில் எனக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர். வைத்தது என் சித்தப்பா. அவர் அங்கே படகோட்டி. ஒரு கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்ததைக் கேட்டுவிடுவேனாம். குழப்பமாக இருந்தால் கேட்காமல் வேறு என்ன செய்வது?

சோதனை நாள் வந்தது. ஐந்து படகுகள், ஐந்து பெட்டிகள். எல்லாம் சரியாக நடந்தால் நிலையத்தில் உள்ள நாற்பது படகுகளிலும் பெட்டி வைக்கலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் வேறு யாரையாவது பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார், மிகவும் மரியாதையாக. அம்மா அன்று காலையில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

படகுகள் வந்து சேரும் கரையில் ஒரு மாடி அறை இருக்கிறது. அங்கேதான் திரையை வைத்திருந்தோம். வழக்கமாகக் கரையில் நின்று படகுகளை எண்ணுவது மேலாளரின் வேலை. அன்று திரைதான் எண்ணுகிறதே என்று அவரும் மேலே வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

ஐந்து நிறப் புள்ளிகள் ஆற்றில் இறங்கின. பாதி வழியில் ஒரு மணல்திட்டு உண்டு. அங்கே எல்லாப் படகும் நின்று ஓய்வெடுக்கும். புள்ளிகளும் நின்றன. மறுபடி கிளம்பியபோது சிவப்புப் புள்ளியைக் காணவில்லை. உற்றுப் பார்த்தால் நீலத்துக்கு அடியில் அதன் ஓரம் மட்டும் தெரிந்தது. சிவப்பு சித்தப்பாவின் படகு. நீலம் இன்னொரு படகோட்டியான நெட்டை அண்ணாவின் படகு.

சிவப்பு எங்கே போனது என்று நான் கேட்டேன். இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன என்றார் அம்மா. இவ்வளவு பக்கத்திலா என்று கேட்டேன். மேலாளர் கனைத்தார். வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஐந்து புள்ளிகளும் கரைக்கு வந்தன. மேலாளர் எழுந்து கைதட்டினார். அம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். எட்டு மாதத்தில் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

மறுபடி எண்ணினேன். நான்குதான். ஒருவேளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருப்பார்களோ? ஒன்றை அதற்குள் வண்டியில் ஏற்றியிருப்பார்களோ? திரை ஐந்து என்கிறது. கண் நான்கு என்கிறது. எதை நம்புவது என்று தெரியாமல் எனக்குத் தலை சுற்றியது.

சத்தமில்லாமல் கீழே இறங்கினேன். வண்டி காலியாக இருந்தது. கவிழ்த்த படகு எதுவும் இல்லை. வந்து இறங்கியதும் டீ எங்கே என்று ஊரைக் கூட்டும் சித்தப்பாவின் குரலும் கேட்கவில்லை.

ஆனால் அவருடைய மஞ்சள் பை இருந்தது. தண்ணீர் புகாத பை. நெட்டை அண்ணாவின் படகில், அவர் பைக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேராக அவரிடம் போய்க் கேட்டேன்.

சித்தப்பாவின் படகில் ஒருவருக்குக் காலை நீட்டி உட்கார இடம் வேண்டியிருந்ததாம். அதனால் மணல்திட்டில் பையை இவரிடம் கொடுத்துவிட்டாராம்.

“அப்ப அம்மா குடுத்த பெட்டி?”

“பைக்குள்ளதான். படகு முன்னாடி ஒட்டச் சொன்னாங்க. முன்னாடிதான் பாறை முதல்ல இடிக்கும். உங்கம்மா கஷ்டப்பட்டுச் செஞ்சது உடைஞ்சா பாவம்னு நாங்க எல்லாரும் பைக்குள்ள பத்திரமா வச்சுக்கிட்டோம்.”

“சித்தப்பா எங்க?”

“பின்னாடி வர்றாரு. மேலதான் எல்லாரையும் பாத்துட்டு இருக்காங்களே.”

மேலே இருப்பவர்கள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு மஞ்சள் பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாடிப்படியில் பாதியில் என் கால் நின்றுவிட்டது. மேலே அம்மா சிரிப்பது கேட்டது. நான் போய் வாயைத் திறந்தால் அந்தச் சிரிப்பு போய்விடும். எட்டு மாத வேலையும் போய்விடும். சித்தப்பாதான் சும்மா மெதுவாக வருகிறாரோ என்னவோ. அப்படி இருந்தால் நான் சொல்லவே வேண்டியதில்லை. அப்படி இல்லாவிட்டால்?

மீதிப் படியை ஓடியே ஏறினேன்.

“அம்மா, கரையில நாலு படகுதான் இருக்கு. சித்தப்பா வரலை. பெட்டி மட்டும் வந்திருக்கு.”

மேலாளர் திரையைக் காட்டி ஐந்து வந்துவிட்டது என்றார். அம்மா திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்குப் போய் எண்ணினார். நான் கேட்டதை எல்லாம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

மேலாளரைக் குறை சொல்லக்கூடாது. அடுத்த நிமிடமே ஜீப்பையும் கயிற்றையும் இரண்டு படகோட்டிகளையும் கிளப்பிவிட்டார். ஆனால் எங்கே போய்த் தேடுவது? மணல்திட்டிலிருந்து இங்கே ஆறு கிலோமீட்டர். அம்மா நெட்டை அண்ணாவை மேலே கூப்பிட்டு, கடைசியாக எப்போது திரும்பிப் பார்த்தார் என்று கேட்டார். ஆறு வேகமாக இறங்கும் பெரிய சரிவில் எல்லாரும் தொப்பலாக நனைந்தபோது சித்தப்பா பின்னால் இருந்தாராம். அதற்கப்புறம் பார்க்கவில்லையாம். அம்மா திரையில் பதிவாகியிருந்த நீலப் புள்ளியின் தடத்தில், அது வேகமெடுத்த இடத்தைப் பார்த்து அந்தச் சரிவைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து கரைவரை இரண்டு கிலோமீட்டர்தான் தேட வேண்டும். மேட்டுச் சாலையில் வாக்கி-டாக்கி எட்டும் என்பதால் உடனே ஜீப்புக்குச் சொன்னார்.

பிறகு காத்திருந்தோம். அம்மா என் கையைப் பிடித்திருந்தார். வலித்தது. விடச் சொல்லத் தோன்றவில்லை. கடைசியில் வாக்கி-டாக்கி கரகரத்தது. ஏழு பேரும் ஆற்றின் நடுவில் ஒரு பாறைமேல் இருக்கிறார்கள், யாருக்கும் ஒன்றும் இல்லை என்றது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

ஜீப் சத்தம் கேட்டு எல்லாரும் கரைக்கு ஓடினோம். சித்தப்பா கம்பளியைச் சுற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பாறை குத்திப் படகின் ஒரு பக்கம் கிழிந்துவிட்டதாம். எல்லாரையும் பாறைமேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாராம்.

“யாரும் பயப்படலை, அண்ணி. மேல திரையில நம்மளப் பாத்துட்டு இருக்காங்க, இதோ வந்துருவாங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்” என்றார். பல் தந்தியடித்தது.

மேலாளர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டி தவறு செய்யவில்லை, நான்தான் தவறு செய்தேன் என்று அம்மா சொன்னார். அம்மா என்ன தவறு செய்தார்? எனக்கு மறுபடி குழப்பம்.

“பெட்டியை எங்க வைக்கணும்னு இவங்களைக் கேட்டியாம்மா?”

“சொன்னேனே.”

“சொன்னே. கேட்டியா?”

அம்மா என்னையே பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு போய், படகோட்டிகள் நடுவில் நின்று, பாறை இடிக்காத இடம் எது என்று கேட்டார்.

அவ்வளவுதான், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் நடுவில் என்றார். அங்கே ஆட்கள் மிதிப்பார்கள் என்றார் இன்னொருவர். நெட்டை அண்ணா படகுக்குள் படுத்தே காட்டினார். கடைசியில் சித்தப்பா கம்பளியோடு படகில் ஏறி, தன் முதுகுக்குப் பின்னால் கயிறு கட்டும் வளையத்தின் பக்கத்தில் விரலை வைத்தார். அங்கே பாறை படாது, யார் காலும் படாது. மேலே வானம் தெரியும், அதனால் செயற்கைக்கோளும் எட்டும். படகோடு சேர்த்து ஒரு ரப்பர் உறை ஒட்டிவிட்டால் பெட்டியை யாரும் கழற்றவும் முடியாது. அம்மா அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார்.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் இரண்டு வாரம் போதுமா என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதனை. ஐந்து புள்ளிகளும் தனித்தனியாகக் கரைக்கு வந்தன. இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. நான் மாடிப்படிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் மேலாளர் இறங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அம்மா.

கரையில் ஐந்து படகுகள் இருந்தன. மூன்று பேரும் தனித்தனியாக எண்ணினோம்.