நேராக விழுந்த கோடு

“இதுல மட்டும் கோடு எப்படி நேரா இருக்கு?”

இன்ஸ்பெக்டர் அம்பிகா சரக்கை வெளியே விடும் இரண்டு கேட் பாஸ்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி கேட்டார். ஃபீபி, அந்தக் கோட்டை நேராக்கியது நான். அந்த அறையில் வேறு யாருக்கும் அது தெரியாது.

லீவில் அப்பாவோடு ராணிப்பேட்டை லெதர் கம்பெனிக்குப் போய் டைப் அடிக்கிறேன் என்று போன கடிதத்தில் சொன்னேன் இல்லையா? திங்கட்கிழமை காலையில் பார்த்தால் குடோனில் பன்னிரண்டு கட்டு தோலைக் காணோம். வாட்ச்மேன் கன்னியப்பனின் ஃபைலில் அந்தப் பன்னிரண்டு கட்டுக்கும் ஒரு கேட் பாஸ் இருந்தது. வியாழக்கிழமை தேதி. கீழே மேனேஜர் ரஷீத் அஹமதுவின் கையெழுத்து.

“இது நான் போட்டதே இல்ல மேடம்,” என்றார் மேனேஜர்.

வியாழக்கிழமை அப்பா லீவு. அம்மாவை ஸ்கேனுக்காக வேலூருக்குக் கூட்டிப் போயிருந்தார்.

“வியாழக்கிழம எந்த வண்டி போச்சு?” இன்ஸ்பெக்டர் கன்னியப்பனிடம் திரும்பினார்.

“ஒண்ணும் போவலம்மா. இந்தச் சீட்டையே இப்பத்தான் பாக்கறேன்.”

“உன் ஃபைல்ல இருக்கு. நீ பாக்கல?”

“கேட்ட வுட்டு நகர்றதே இல்லம்மா நானு. சனிக்கெழம சாயந்திரம் மட்டும் கிறிஸ்துராஜ் சார் போய் சாப்ட்டு வான்னாரு. அவரே கேட்டாண்ட நின்னாரு.”

தன் பெயரைக் கேட்டதும், மேனேஜர் பக்கத்தில் நின்றிருந்த அப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.

“நான் கேக்கறது வியாழக்கிழம.”

மேனேஜர் குறுக்கே வந்தார். “எங்க பிரிண்டர் கிழம் மேடம். பேஜார் புடிச்சது. கோடெல்லாம் படிக்கட்டு மாதிரிதான் விழும். இது வெளிய எங்கியோ அடிச்சது.”

கூட வந்த ஏட்டு சிரித்தார். “இன்னா கன்னியப்பா, உம் புள்ள ஜீவா, பிரவுசிங் சென்டர்லதான வேல செய்றான்?”

“ஐயோ சார்! எனக்கு டீவி ரிமோட்டே புடிக்கத் தெரியாது. அவன் பசங்களுக்கு ரிசல்ட் எடுத்துக் குடுக்கறவன் சார், அவன இதுல இழுக்காதீங்க.”

ஜீவாவைக் கூட்டி வர ஏட்டு பைக் சாவியை எடுத்தார். கன்னியப்பன் அவர் காலில் விழக் குனிந்தார். ஃபீபி, அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

“மேடம், அது எங்க பிரிண்டர்தான்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும்தான்.

“சனிக்கிழமை மத்தியானம் நான் சரி பண்ணேன். ஹெட்டு போகும்போது ஒரு வாட்டி மை விடும், திரும்பி வரும்போது ஒரு வாட்டி விடும். ரெண்டும் ஒரே இடத்துல விழல, அதான் கோடு ஒடஞ்சி ஒடஞ்சி வந்துச்சு. டெஸ்ட் பேஜ் எடுத்து, கோடு ஒட்டியிருக்கற நம்பரா பாத்து கம்ப்யூட்டர்ல குடுத்தேன். சேந்துடுச்சு.”

“யார்கிட்ட சொன்ன?”

“யார்கிட்டயும் இல்ல. அப்பா அப்போ குடோன்ல இருந்தாரு. திங்கட்கிழமை காட்டலாம்னு…” பிரிண்ட் சரியில்லை என்று மேனேஜர் தினமும் அப்பாவைத்தான் திட்டுவார்.

“ஒண்ணு அடி, பாப்போம்.”

அடித்தேன். கோடு நேராக வந்தது. ஆனால் கம்பெனி பெயருக்குக் குறுக்கே முடி கனத்துக்கு ஒரு வெள்ளை இழை. ஹெட்டில் ஒரு துளை மை காய்ந்து அடைத்திருக்கிறது. எத்தனை தடவை க்ளீன் பண்ணியும் அது திறக்கவில்லை. காணாமல் போன தோலுக்கான பாஸிலும் அதே இடத்தில் அதே இழை. சனிக்கிழமை காலை அடித்த பாஸை எடுத்துப் பார்த்தார்கள். அதில் கோடு இன்னும் படிக்கட்டுதான்.

“அப்போ இது சனிக்கிழம மத்தியானத்துக்கு அப்புறம், இதே ரூம்ல அடிச்சது,” என்றார் அம்பிகா. “ஆபீஸ் சாவி யார் யார்கிட்ட?”

“என்கிட்ட ஒண்ணு. ஆனா நான் சனிக்கிழம காலையிலயே வாணியம்பாடி கல்யாணத்துக்குப் போய்ட்டேன் மேடம். இன்னிக்குத்தான் வர்றேன்,” என்றார் மேனேஜர்.

“இன்னொண்ணு?”

மேனேஜர் தரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். “நீ சரி பண்ணப்புறம் இங்க யாரும்மா இருந்தது?”

வாயைத் திறந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. “நானும் அப்பாவும். அப்புறம்… அப்பா என்னை மட்டும் பஸ் ஏத்தி விட்டுட்டாரு.”

“வியாழக்கிழம தேதி போட்டா லீவுல இருந்தவர யாரும் கேக்க மாட்டாங்க,” என்றார் அம்பிகா. “வாட்ச்மேன சாப்பிட அனுப்பிட்டு, தோல் கட்டெல்லாம் வண்டில ஏத்திட்டு, சீட்ட ஃபைல்ல சொருகியாச்சு. எல்லாம் பாத்தாரு, கோட்டத்தான் பாக்கல. தெனமும் பாக்கற கோட்ட யாரு பாப்பாங்க? கிறிஸ்துராஜ் சார், சாவிய மேச மேல வைங்க.”

அப்பா வைத்தார். கன்னியப்பன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறும்போது அப்பா என் பக்கம் திரும்பினார். கோபமே இல்லை. “நல்லா வந்திருக்குமா கோடு. எங்கிட்ட அன்னிக்கே ஏம்மா சொல்லல?”

இதை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா பக்கத்து அறையில் தூங்காமல்தான் படுத்திருக்கிறாள். நீ சொல், ஃபீபி. அன்றைக்கே நான் சொல்லியிருந்தால் அப்பா அந்தத் தோலைத் தொடாமல் இருந்திருப்பாரா, இல்லை மாட்டாமல் மட்டும் இருந்திருப்பாரா?