பத்தொன்பதாம் நாள்

காலை 11.10.

சாவி போட்டுக் கதவைத் திறந்த கணவர் போட்ட அலறல், ஐந்தாம் மாடியிலிருந்து கீழ்வாசல் காவலாளியின் காது வரைக்கும் எட்டியது. காவலாளி ஓடி வந்து போலீசுக்குச் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படம் எடுத்துவிட்டார். 11.40-க்கு இன்ஸ்பெக்டர் படியேறியபோது, செத்தவளின் பாதம் தெரிகிற அந்தப் படத்தை நாற்பதாயிரம் பேர் பார்த்து முடித்திருந்தார்கள்.

அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பளிச் அக்கா என்றால் தெரியாதவர்கள் கிடையாது. ‘முப்பதே நாளில் பளிச்’ என்று ஒரு முகக் கிரீமைத் தினமும் இணைய நேரலையில் கேமராவுக்கு முன்னால் பூசிக் காட்டி, பார்க்கிறவர்களையும் கூடவே பூச வைத்தவள். இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள்.

இன்ஸ்பெக்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. எந்தச் சமூக வலைத்தளத்திலும் கணக்குக் கிடையாது. அதற்காக வீட்டில் தினமும் கேலி. ஊர் முழுக்கத் தன்னைத் தானே படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது திருடனைப் பிடிப்பது சுலபமாகத்தானே இருக்க வேண்டும் என்று அவர் ஒரு காலத்தில் நம்பினார். அந்த நம்பிக்கை போய் நாளாயிற்று.

படம்பிடிக்கும் அறையில் ஏசி உறைகிற குளிரில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு சுவருக்கு இளஞ்சிவப்பு வண்ணம். அதுவும் கேமரா பார்க்கிற அளவுக்கு மட்டும். அதைத் தாண்டினால் காரை உதிர்ந்த சுவரும் அட்டைப்பெட்டிக் குவியலும். ஓரத்தில் ஒரு கம்பி நிறைய ஹேங்கர்கள். ஒவ்வொரு உடையிலும் ஊசியால் குத்திய எண் சீட்டு, ஒன்று முதல் முப்பது வரை. அவர் எண்ணிப் பார்த்தார். முப்பதும் இருந்தன.

பளிச் அக்கா சாயம்போன வீட்டு உடையில், சோபாவுக்கும் வட்ட விளக்குக்கும் நடுவில் கிடந்தாள். பக்கத்தில் ஒரு குஷன். கழுவித் துடைத்த முகம். இரண்டு கன்னத்திலும் சிவப்புத் திட்டுகள். வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தோல் உரிந்திருந்தன.

“குஷனை வெச்சு மூச்சை அடைச்சிருக்காங்க” என்றார் டாக்டர். “நேரம் கேக்காதீங்க. இந்தக் குளிர்ல கணக்கெல்லாம் தப்பிப்போகும். எட்டரைலேர்ந்து பத்தரைக்குள்ள. அவ்வளவுதான்.”

நண்பகல் 12.15.

கணவர்தான் அவளுக்குக் கேமராக்காரர், படத்தொகுப்பாளர், மேலாளர் எல்லாம். கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அழுத கண். ஆனாலும் மடியில் போன் அதிரும்போதெல்லாம் அந்தக் கண் கீழே போய்வந்தது.

“எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?”

“ஒன்பது அஞ்சு. விளம்பரக் கம்பெனில மீட்டிங். ஒன்பதரைலேர்ந்து பத்தே முக்கால் வரைக்கும் அங்கதான் இருந்தேன். நாலு பேர் கூட இருந்தாங்க.”

“அப்ப உங்க மனைவி?”

“லைவுக்கு ரெடியாகிட்டிருந்தா. பத்து மணிக்கு லைவ் வந்தா சார். பன்னிரண்டு நிமிஷம். ரெண்டு லட்சம் பேர் பார்த்தாங்க.”

“முகத்துல என்ன அது?”

“அலர்ஜி. அஞ்சு நாளா இருக்கு. லைவ்ல ஃபில்டர் போட்டுக்குவா, தெரியாது.”

“லைவ் வந்த டிரெஸ் எங்கே?”

“அதோ, பத்தொன்பது. முடிஞ்சதும் மாத்தி மாட்டியிருப்பா.”

ஒரே ஒரு சாட்சிக்காக வீடு வீடாய் ஏறி இறங்கிக் கெஞ்சியவர் இன்ஸ்பெக்டர். இங்கே ரெண்டு லட்சம் சாட்சிகள். பத்து பன்னிரண்டு வரைக்கும் அவள் உயிரோடு இருந்தாள் என்று அத்தனை பேரும் சத்தியம் செய்வார்கள்.

லிப்ட் கேமராவில் ஒருத்தி மாட்டினாள். பளிச் அக்காவிடம் ஆறு வருஷம் மேக்கப் வேலை பார்த்தவள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ‘கூட இருந்தே குழி பறித்தவள்’ என்று வீடியோவில் பகிரங்கமாக விரட்டப்பட்டவள். 10.17-க்கு மேலே போனாள். 10.36-க்குக் கீழே வந்தாள். வெறுங்கை.

அந்தக் காட்சியை எவன் வெளியே விட்டானோ, ஒரு மணிக்குள் அது ஊரைச் சுற்றி வந்துவிட்டது. ‘மேக்கப் பெட்டி இல்லாமல் வந்த மேக்கப்காரி எதற்கு வந்தாள்?’ கேட்டவர்களே பதிலும் சொன்னார்கள். அவள் வீட்டு முகவரியையும் போட்டார்கள்.

மதியம் 2.15.

ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தார். மனைவி தட்டை வைத்துவிட்டுப் போனைத் தூக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. சொந்தத் தங்கை செத்தாலும் இப்படி அழுதிருப்பாளா என்று அவருக்குச் சந்தேகம்.

“இங்க பாருங்க. பத்து மணிக்கு எப்படிப் பேசினா! இன்னும் அந்தச் சண்டாளியைப் பிடிக்காம சாப்பிட வந்துட்டீங்க.”

போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். திரையில் பளிச் அக்கா டப்பாவைத் திறந்து, இரண்டு விரலால் கிரீமை வழித்து, கேமராவுக்குக் கிட்டே கொண்டுவந்தாள். ‘எல்லாருக்கும் நன்றி, எல்லாருடைய அன்புக்கும் நன்றி’ என்றாள். இன்ஸ்பெக்டர் அந்தக் கையைப் பார்த்தார். போனைப் பிடித்திருந்த மனைவியின் கையையும் பார்த்தார். விரல் நுனி இரண்டும் சிவந்து வெடித்திருந்தன.

“என்ன இது கையில?”

“சோப்பு மாத்தினேன், ஒத்துக்கல.”

“நீயும் அந்தக் கிரீம்தானா?”

“ஊரே போடுது. எனக்கும் பத்தொன்பதாம் நாள்.”

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். வாசலில் நின்று, ஸ்டேஷனில் எல்லோரும் குட்டி இன்ஸ்பெக்டர் என்று கூப்பிடும் இளம்பெண் அதிகாரிக்குப் போன் போட்டார். “அந்தப் பத்து மணி லைவ் எங்கிருந்து போச்சுன்னு அந்த வலைத்தளக் கம்பெனியைக் கேளும்மா.”

“வீட்லேர்ந்துதானே சார்?”

“கேளு.”

மாலை 3.30.

ஸ்டேஷன் வாசலில் ஐம்பது பேர். ஐம்பது பேர் கையிலும் போன் உயர்ந்திருந்தது. குட்டி இன்ஸ்பெக்டர் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “சார், மேல இருந்து ரெண்டு தடவை போன். ஆறு மணிக்குள்ள அரெஸ்ட் காட்டணுமாம். அந்த மேக்கப் பொண்ணு வீட்டு ஜன்னலை உடைச்சுட்டாங்க. அம்மா மட்டும் உள்ள இருக்காங்க.”

மேக்கப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். அழவில்லை. அவள் போன் மேஜையில் அதிர்ந்துகொண்டே இருந்தது.

“யாரும்மா?”

“அடுத்த மாசக் கல்யாணப் பொண்ணு. நான் வேண்டாமாம். காலைலேர்ந்து அஞ்சாவது ஆள். இந்தக் கையை இனிமே எந்த முகத்துல வைக்க விடுவாங்க சார்?”

“அங்க ஏன் போனே?”

“அக்கா கூப்பிட்டாங்க.” போனைத் திருப்பிக் காட்டினாள். நேற்று மாலைச் செய்தி: ‘நாளைக்குக் காலைல பத்தேகாலுக்கு வா. பெட்டி வேண்டாம்.’

“அக்கா போன்ல இது இல்லையே.”

“யாரோ அழிச்சிருக்காங்க. நான் பெல் அடிச்சேன். கால் மணி நேரம் நின்னேன். திறக்கல. இன்னும் கோவம் தீரலபோலன்னு திரும்பிட்டேன்.”

“பெட்டி ஏன் வேண்டாம்?”

“அதுதான் எனக்கும் புரியல.”

“உன்னை ஏன் நிறுத்தினாங்க?”

“அந்தக் கிரீமை என் கையில பூசிப் பார்த்தேன், எரிஞ்சுது. வேண்டாம்க்கான்னு சொன்னேன். மறுநாளே அவங்க வீட்டுக்காரர் நிறுத்திட்டார்.”

“ஹேங்கர்ல ஒண்ணுலேர்ந்து முப்பது வரைக்கும் சீட்டு இருக்கே?”

“அது வழக்கம் சார். முப்பது நாள் வீடியோவையும் ஒரே மூச்சில எடுத்துடுவோம். டிரெஸ்ஸை மாத்தி மாத்தி உட்காருவாங்க.”

“லைவுமா?”

“நான் இருந்த வரைக்கும் லைவ் நிஜ லைவ்தான்.”

“ஃபில்டர் போட்டா கையில இருக்கறதும் மறையுமா?”

அவள் நிமிர்ந்தாள். “மறையாது. அதுக்கு முகம் மட்டும்தான் தெரியும்.”

“உரிஞ்ச விரலுக்கு மேக்கப்?”

“போட்டாலும் நிக்காது சார். கிரீமைத் தொட்டதுமே கலைஞ்சு வந்துடும்.”

குட்டி இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து ஒரு தாளை நீட்டினாள். அவர் படித்தார், மடித்துப் பையில் வைத்தார்.

மாலை 4.50.

அதே அறை. கணவரை அந்த இளஞ்சிவப்புச் சுவருக்கு முன்னால் உட்கார வைத்தார். மடிக்கணினியில் காலை லைவை ஓடவிட்டு, ஏழாவது நிமிஷத்தில் நிறுத்தினார். திரை நிறைய வலது கை. விரல்கள் வழவழவென்று இருந்தன. பக்கத்தில் டாக்டர் எடுத்த படத்தை வைத்தார். அதே கை, உரிந்த விரல்கள்.

“அஞ்சு நாளா அலர்ஜின்னு நீங்களே சொன்னீங்க. முகத்தை ஃபில்டர் மறைச்சுது, சரி. கையை எது மறைச்சுது?”

கணவர் மடியிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார்.

“இது இன்னிக்கு எடுத்த கை இல்ல. ஒரு மாசத்துக்கு முன்னால எடுத்தது. பத்தொன்பது நாளா லைவ்னு நீங்க காட்டினது எல்லாமே பழைய வீடியோ. அதான் ஒருத்தர் பேரைக்கூடச் சொல்லாம எல்லாருக்கும் நன்றி சொல்றாங்க. இன்னிக்குக் காலை லைவ் இந்த வீட்லேர்ந்து போகல. விளம்பரக் கம்பெனி இணைப்புலேர்ந்து, உங்க போன் வழியா போயிருக்கு. நாலு பேர் எதிர்ல உட்கார்ந்துக்கிட்டே அனுப்பியிருக்கீங்க. நீங்க போனைக் குடைஞ்சா யார் சந்தேகப்படப் போறாங்க?”

இன்ஸ்பெக்டர் மேக்கப் பெண்ணுக்கு வந்த செய்தியையும் எடுத்துக் காட்டினார்.

“காலைல அவங்க போன்ல அந்த மெசேஜைப் பார்த்தீங்க. பெட்டி வேண்டாம்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கு மட்டும் உடனே புரிஞ்சுது. மேக்கப் இல்லாத முகத்தோட, இந்தத் திட்டோட, நிஜமா லைவ் வரப்போறாங்க. நீங்க விரட்டின பொண்ணைப் பக்கத்துல உட்கார வெச்சு. ஒன்பதுக்கு முன்னாடியே குஷனை எடுத்துட்டீங்க. அவ பத்தேகாலுக்கு வருவான்னு தெரிஞ்சுதான் லைவைப் பத்து பன்னிரண்டுக்கு முடிய விட்டீங்க.”

கணவர் வெகுநேரம் திரையிலிருந்த கையையே பார்த்தார். வருஷக்கணக்கில் இந்த அறையில் முகத்தை மட்டுமே பார்த்துப் பழகிய கண் அது.

“எரியுதுன்னு கமெண்ட்ல யாரோ எழுதினாங்க. நான் அழிச்சுக்கிட்டே வந்தேன். இவ எப்படியோ படிச்சுட்டா. தானே பூசிப் பார்க்கணும்னு அடம் பிடிச்சா. ஆறு நாளாப் பூசினா. பத்தொன்பது நாள் வந்தாச்சு சார். இன்னும் பதினோரு நாள்தான். வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்.”

எழுந்திருக்கச் சொன்னார்கள். வாசலில் கேமராக்கள் நிற்பதைப் பார்த்ததும் அவர் தன்னையறியாமல் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

மாலை 6.00.

இன்ஸ்பெக்டர் பத்திரிகையாளர்களிடம் தெளிவாகப் பேசினார். கொன்றது கணவர், மேக்கப் பெண் குற்றமற்றவள் என்று இரண்டு தடவை சொன்னார். காவல்துறைப் பக்கத்தில் குட்டி இன்ஸ்பெக்டர் அதைப் போட்டாள். முக்கால் மணி நேரத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். லிப்ட் வீடியோ முப்பது லட்சத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னணி இசையும் சேர்த்துவிட்டார்கள்.

“வேற எப்படிம்மா சொல்றது?” என்றார் அவர்.

“நாம சொல்றதுல ஒண்ணும் இல்ல சார். அதுல அவ முகம் இருக்கு. நம்மகிட்ட எழுத்துதான் இருக்கு.”

மனைவிக்குப் போன் போட்டு, அந்த டப்பாவைத் தூக்கி எறி என்றார்.

“அக்கா நினைவா எல்லாரும் முப்பது நாளையும் முடிக்கறோம்னு சொல்லியிருக்கோம். கடையில சரக்கே இல்லையாம், தெரியுமா? இன்னும் பதினோரு நாள்தானே.”

அவர் போனை அணைத்துப் பையில் போட்டார். முப்பது வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு சீக்கிரம் ஒரு கொலையைக் கண்டுபிடித்ததில்லை. இவ்வளவு வீணாகவும் இல்லை.

இரவு 7.30.

மேக்கப் பெண்ணை அவரே ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். உடைந்த ஜன்னலுக்கு அவள் அம்மா பழைய போர்வையைக் கட்டியிருந்தாள். தெருவில் கூட்டம் கலைந்திருந்தது. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்ச்சுவர் ஓரம் நின்றிருந்தார்கள். அவள் இறங்கியதும் ஓடி வந்தார்கள்.

“நீங்கதானே அந்த லிப்ட் அக்கா? கொலை பண்ணினவங்க?”

“இவங்க பண்ணல” என்று இன்ஸ்பெக்டர் உரக்கச் சொன்னார். “இவங்க ஒண்ணுமே பண்ணல. புரியுதா? புருஷனைப் பிடிச்சாச்சு.”

“பரவாயில்ல சார்” என்றாள் ஒருத்தி, போனைத் தூக்கியபடி. “ஒரே ஒரு செல்ஃபி.”

அவர் கையை ஓங்கப் போனார். மேக்கப் பெண் தடுத்தாள்.

“வேண்டாம் சார். மாட்டேன்னா அதையும் எடுப்பாங்க.”

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டார்கள். ஒருத்தியின் கன்னத்தில் அதே சிவப்புத் திட்டு. மேக்கப் பெண் அதைப் பார்த்தாள். ஆறு வருஷப் பழக்கத்தில் விரல் தானாக அந்தக் கன்னம் வரைக்கும் போயிற்று. அந்தப் பெண் சட்டென்று முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கை பாதியில் நின்று, கீழே இறங்கியது.

“சிரிங்கக்கா” என்றாள் மற்றவள்.

சிரித்தால் திமிர் என்பார்கள். சிரிக்காவிட்டால் குற்ற உணர்ச்சி என்பார்கள். எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். அவருக்கும் தெரியவில்லை.