தேலியனின் பேர்

நாய் குரைக்கவில்லை. வாலை ஆட்டியது.

முத்தக்கி அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கக்கட மாதத்து மழை ஓயாமல் தூறிக்கொண்டிருந்தது; காப்பித் தோட்டத்திலிருந்து ஏறிவரும் பாதையில் செம்மண் நீர் ஓடியதே தவிர ஆள் நடமாட்டம் இல்லை. அந்தக் காலிப் பாதையைப் பார்த்துத்தான் நாய் காதை மடக்கி, வயிற்றைத் தரையில் தேய்த்து, வெகுநாள் கழித்து வீடு திரும்பும் எஜமானிடம் குழைவதுபோல் குழைந்தது.

அப்பா செங்கப்பா இறந்து வருஷமாகிறது. இந்த நாயோ அவர் போனபிறகு பிறந்த குட்டி. அதற்கு எஜமான் என்று யாரைத் தெரியும்?

"யாரும்மா அங்க?" என்று கூடத்திலிருந்து கேட்டார் தாய்மாமன் பூணச்சா.

"யாருமில்ல மாமா."

"அப்ப வந்து பன்னிக்கறியக் கிளறு. கருகுற வாசனை ஊரைத் தூக்குது. உன் பாட்டன்மாருங்க செத்தவங்கதான், நாக்கு செத்தவங்க இல்ல!"

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். முத்தக்கி சிரிக்கவில்லை.

தேலியண்ட ஒக்கவில் மிஞ்சியவள் அவள் ஒருத்திதான். குடகில் கட்டிக்கொடுத்த பெண் புருஷனின் ஒக்கவுக்குப் போய்விடுவாள். அதாவது அவன் குடும்பத்துக்கு, அதன் பேருக்கு. ஆனால் ஆண்வாரிசு இல்லாத வீட்டில் பேர் செத்துவிடக்கூடாது என்பதற்காக, பெண்ணின் பிள்ளைகளுக்குத் தாய்வீட்டுப் பேரையே வைப்பதும் உண்டு. அவள் கல்யாணத்தின்போது பூணச்சாதான் அப்படிப் பேசி முடித்தார். இன்று பாட்டன்மாருக்குப் படையல். தொங்கும் விளக்கின் முன் இலை போட்டு, வயிற்றிலிருக்கும் ஏழு மாதப் பிள்ளையைத் தேலியண்டப் பேருக்குக் கொடுக்கிறேன் என்று அவள் வாயால் சொல்லவேண்டும்.

"மாமா, நான் சொல்லப்போறதில்ல. என் பிள்ளை அவங்கப்பா ஒக்கதான். நாளிமண்ட."

அவர் எழுந்தே விட்டார். "பேரை அழிக்கவா உன்னைப் பெத்தான் உங்கப்பன்? கோயில்ல முதல் தேங்காய் உங்க வீட்டுக்கு உடைக்கிறாங்க. தேலியன்கிற பெரிய மனுஷன் வாங்கிக் கொடுத்த பேரு அது!"

"அவர் எங்க பாட்டனே இல்ல."

"என்னடி உளர்றே?"

"அப்பா சாகிறப்போ சொன்னார். பஞ்சத்துல எவனோ ஒருத்தன் இந்த வாசலுக்கு வந்தான். தேலியன் கூப்பிட்டு இலை போட்டார். குனிஞ்சு சோறு வைக்கிறப்போ, அந்த வீட்டுக் கத்தியாலயே அவர் கழுத்தை வெட்டினான். ராஜா ஆளுங்க நிலம் அளக்க வந்து, எந்த ஒக்கன்னு கேட்டப்போ, கூசாம தேலியண்டன்னு சொன்னான். அவன்தான் எங்க பாட்டன். அவனுக்கு என்ன பேருன்னு எங்க யாருக்கும் தெரியாது."

பூணச்சா குடையை எடுத்தார்.

"ஜுர வேகத்துல சொன்னதையெல்லாம்... சரி, உன் புருஷன் போபய்யா வண்டிய மரம் விழுந்து மறிச்சிருக்குதாம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"பயமா மாமா?"

"எனக்கென்ன பயம்? உன் புருஷன் பயப்படுவானேன்னுதான்!"

போய்விட்டார். அப்பா சொன்னதில் மீதியை அவள் சொல்லவே இல்லை. 'பேரைச் சுமக்க ஆள் இருக்கிறவரைக்கும் தேலியன் வாசலோடு நிப்பான். சுமக்க மாட்டேன்னா, உள்ள வருவான்.' அதனால்தான் அப்பா ஒவ்வொரு அந்தியிலும் குரல் நடுங்க அந்தப் பேரைச் சொல்லி விளக்கேற்றினார். அதனால்தான் தாத்தா கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததே இல்லை. பயந்து பயந்து வாழ்ந்தார்கள். திருடிய பேரைத் திருப்பித் தரத்தான் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

அவள் விளக்கை ஏற்றினாள். இலை போட்டாள். சோறு, அரிசி ரொட்டி, கறி, ஒரு கிண்ணம் சாராயம். எண்ணெய்ப் புகையும் கறியின் புளிப்பும் கலந்த வாசனைக்கு அடியில், புதிதாகத் தோண்டிய குழியின் ஈர வாசனை மெல்லக் கிளம்பியது. அவள் நிமிர்ந்து நின்றாள்.

"தேலியரே, உங்க பேரு இது. நாங்க திருடினது. என் பிள்ளைமேல இதை ஏத்த மாட்டேன். எடுத்துக்குங்க."

மழை சட்டென்று நின்றது.

படியில் ஈரக்கால் ஏறும் ஓசை. நிதானமாக. பழகிய காலைப்போல.

வாசலில் நிழல். முகம் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒருபக்கமாகச் சாய்ந்து, தோளில் கிடந்தது.

வந்தவரை முதலில் கேட்கும் கேள்வி அந்த ஊரில் ஒன்றுதான். யோசிக்குமுன் அது அவள் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"எந்த ஒக்க?"

"தேலியண்ட." குரல் வாயிலிருந்து வரவில்லை. கழுத்திலிருந்து வந்தது. "நீ?"

நாக்கு பழக்கத்தில் 'தே' என்று எழுந்தது. கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது.

"முத்தக்கி. நாளிமண்ட போபய்யா பொண்டாட்டி."

நிழல் அவளைத் தாண்டி உள்ளே போனது. விளக்குச் சுடர் அசையவில்லை. தரையில் இலை நகரும் சத்தம். படையல் இலை அவள் காலடிக்கு வந்து நின்றது.

"விருந்தாளி. சாப்பிடு."

வீட்டுக்காரன் சொல்கிறான். அவள் உட்கார்ந்தாள். தலைக்குமேல் யாரோ குனிந்து நின்றார்கள். பரிமாறக் குனிவதுபோல. சோற்றில் ஏதோ சொட்டியது. அவள் பிசைந்தாள். உருட்டினாள். வாயில் போட்டு விழுங்கினாள். கண்ணை மூடவில்லை.

அப்போது வெளியே, திறந்துகிடந்த கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

"முத்தக்கி."

அப்பாவின் குரல்.

எழுந்து போனாள். முற்றம் நிறைய ஆண்கள். நனைந்தவர்கள். அப்பா. தாத்தா. அவருக்குப் பின்னால் அவர் அப்பா. தோட்டத்து இருட்டுவரை வரிசை. அத்தனை பேரும் படையலுக்கு உள்ளே வரக் காத்து நின்றார்கள். கடைக்கோடியில் ஒருவன், கையில் கத்தியோடு, தரையைப் பார்த்தபடி.

வயிற்றில் பிள்ளை உதைத்தது. அவள் நிலைப்படியின் இரு பக்கமும் கையூன்றிக்கொண்டாள்.

"எந்த ஒக்கன்னு சொல்லிட்டு உள்ள வாங்க."

அப்பா வாயைத் திறந்தார். சொல்ல ஒரு பேரும் வரவில்லை. இன்னும் திறந்தார். தாடை மார்புவரை இறங்கியது. பின்னால் ஒவ்வொரு வாயாகத் திறந்தது, தோட்டத்து இருட்டுவரை. மழை மறுபடி பிடித்தது. திறந்த வாய்களில் எல்லாம் தண்ணீர் நிறைந்து வழிய, அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள்.