மண்ணுறங்கிக்கு மாற்று

மத்தியானம் மூன்று மணிக்கு, பூச்சிமருந்துத் தொட்டியை முதுகிலிருந்து இறக்கிவைத்த நேரத்தில், குகனேஸ்வரனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான்.

‘புனிதன் அருகில் இருக்கிறார். மாற்றிக்கொள்ளலாமா?’

புனிதனைப் புதைத்து அன்றோடு பத்து நாள்.

கேம் பழசுதான். காட்டு மிருகங்களைப் பிடித்துச் சேர்க்கிற ஆட்டம். யாரோ ஒரு ரசிகன் அதைப் பிரித்து, புதுப்புது மிருகங்களைப் புகுத்தி, இணையத்தில் சும்மா விட்டிருந்தான். எஸ்டேட்டில் அதை ஆடியவர்கள் இரண்டே பேர், குகனும் புனிதனும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு மிருகங்கள். குகனிடம் ஒன்றுதான் குறைந்தது: மண்ணுறங்கி. அதை வைத்திருப்பவன் பத்து மீட்டருக்குள் நின்று, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்தால்தான் உண்டு. கைமாறிப் போனாலும், ஒருமுறை பிடித்தது கணக்கில் நிற்கும். வைத்திருந்த புனிதன் தருகிறேன், தருகிறேன் என்று மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு, கோலா தெர்லா ரோட்டில் லாரிக்கு அடியில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை ஆசையாக வைத்திருந்தது என்று அவன் அம்மா பாஞ்சாலை போனையும் பெட்டிக்குள் வைத்து மூடச் சொன்னாள். சாவு வீட்டில் குகன் தேம்பித் தேம்பி அழுதான். பாதி அழுகை மண்ணுறங்கிக்காக.

இடுகாடு பக்கத்து மேட்டிலேயே இருந்தது. தேயிலை நிரைகள் ஒவ்வொன்றாகப் பனிமூட்டத்துக்குள் போய்க்கொண்டிருக்க, கையில் ஒட்டியிருந்த மருந்து நெடியோடு அழுகிய செவ்வந்தி மாலையின் வாடையும் சேர்ந்து தொண்டையை அடைக்க, கீழே லயத்து வீடுகளில் யாரோ துணி துவைக்கிற சத்தம் எங்கோ தூரத்து ஊரிலிருந்து வருவதுபோல் மங்கிக் கேட்க, குகன் மேடேறினான். போனை எவனோ தோண்டி எடுத்துவிட்டான் என்றுதான் நினைத்தான். திருட்டுப்பயல் யாரென்று பார்த்துவிட வேண்டும்.

புனிதனின் மண்மேட்டில் ஒரு கட்டிகூடப் புரண்டிருக்கவில்லை.

பத்து நாள் எந்த பேட்டரி தாங்கும்? அப்போதே ஓடியிருக்க வேண்டும். ஆனால் ஒன்றே ஒன்றுதான் குறைகிறது. அவன் ‘சரி’யை அழுத்தினான்.

திரையின் அந்தப் பக்கம் மண்ணுறங்கி வந்து நின்றது. முதுகு மட்டும் தெரிந்தது. குகன் ஒன்றுக்கும் உதவாத ஒரு மிருகத்தைக் கொடுக்கப் பார்த்தான். ‘வேண்டாம்’ என்று வந்தது. கொஞ்சம் நல்லதைக் காட்டினான். ‘வேண்டாம்.’ அரிதானதைக் காட்டினான். ‘வேண்டாம்.’

பிறகு திரை தானாகவே நகர்ந்து, அவனுடைய முதல் மிருகத்தில் போய் நின்றது. மகள் பிறந்த அன்று பிடித்தது. அவள் பெயரையே அதற்கும் வைத்திருந்தான்.

‘ரூபினி?’

விரல் கொஞ்சம் தயங்கியது. ஐந்து வயசாகிறது அவளுக்கு. இந்நேரம் வீட்டு வாசலில் அம்மாவோடு இருப்பாள். வெறும் பொம்மைக்குப் போய் பயந்தால் ஊர் சிரிக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். உள்ளுக்குள் ஏதோ ஒன்று வேண்டாம் என்றது. அதுவும் அவன் காதில் தெளிவாக விழுந்தது.

அழுத்தினான்.

‘சேகரிப்பு நிறைவுற்றது.’ பொன்னிறப் பூக்கள் கொட்டின. குகனுக்குச் சிரிப்பு வந்தது. அப்படியொரு சந்தோஷம்.

சிரித்து முடிப்பதற்குள் காலடியில் தட்டும் சத்தம் கேட்டது.

பலகையில். சின்னக் கை.

“அப்பா.” மண்ணுக்குள்ளிருந்து. “அப்பா, இருட்டா இருக்கு. பக்கத்துல யாரோ படுத்திருக்காங்க.”

அவன் கத்தினான். மண்ணில் விழுந்து பறண்டினான். நகம் பிய்ந்தது. மறுபடியும் பறண்டினான். மண் கல்லாக இறுகியிருந்தது.

சத்தம் கேட்டு லயத்து ஆட்கள் மேடேறி வந்தார்கள். கங்காணி சிவசாமி அவன் இரண்டு தோளையும் பிடித்து இழுத்தார். குகன் ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். ரூபினி. உள்ளே. ரூபினி.

“புள்ள இங்கதான்டா இருக்கு, பாரு லா,” என்றார் சிவசாமி.

பனிக்குள்ளிருந்து மனைவி திலகா வந்தாள். இடுப்பில் குழந்தை. அதே ரோஸ் சட்டை, அதே இரட்டைப் பின்னல். ஒரு நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தது. கண் இமைக்கவில்லை. உதட்டோரத்தில் ஈரச் செம்மண்.

“அது இல்ல திலகா. அது நம்ம புள்ள இல்ல. கீழ போடு.”

திலகா பயந்து குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அது அவள் தோளில் மெதுவாகத் தலை சாய்த்தது.

“அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்மா,” என்றது, ரூபினியின் குரலில்.

நாலு பேர் அவன் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள். புனிதன் போனதிலிருந்தே ஆள் சரியில்லை என்று ஒருவர் சொன்னார். மண்ணுக்கடியில் ரூபினி இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு மட்டும் கேட்டது.

தட்டல்.

வெகுநேரம் கழித்து, இன்னொரு தட்டல்.

மேட்டைவிட்டு இறங்கும்போது, திலகாவின் தோளுக்கு மேலாக அந்தக் குழந்தை அவனையே பார்த்துக்கொண்டு, வாயிலிருந்த மண்ணை நிதானமாக மென்றது.