முன்வாசலில் கீரை

ஞானதுரை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவருடைய கழுத்தெலும்பு வழக்கம்போல் பேசியது. "நேற்றும் படபடப்பு வந்தது. மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கட்டுமா?"

"வேண்டாம்" என்றார் வாய் நிறைய நுரையோடு.

செவ்வாயில் குடியேறிய எல்லோருக்கும் அந்த இடத்தில் நாடிமணி என்ற சின்னக் கருவியைப் பதித்திருந்தார்கள். உடம்பில் எந்தக் கோளாறு என்றாலும் சொல்லிவிடும். ஆனால் உடையவர் சம்மதிக்காமல் மருத்துவரைக் கூப்பிடாது. மற்றபடி ஞானதுரைக்கு ஒரு குறையும் இல்லை. பாசிமாவுத் தோசை பிடித்திருந்தது, மனைவி எஸ்தரைப் பிடித்திருந்தது, ஊரை மூடியிருந்த கண்ணாடிக் கூரையை வெளியே போய்த் துடைக்கும் வேலையும் பிடித்திருந்தது.

கோளாறு அண்மையில்தான் ஆரம்பித்தது. திடீரென்று மூச்சு முட்டும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், இதோ செத்தோம் என்று தோன்றும். கூடவே, ஊரே தன்னை வேவு பார்ப்பதாக ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டு நீலமேகம் தெருவில் அவரைக் கண்டதும் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வது எதற்காம்? போன வாரம் கூரைமேல் இருந்தபோது, தலைக்கவசத்துக்குள் காற்றே இல்லை என்று பட்டு, அதைக் கழற்றவே போய்விட்டார். கூட வேலை செய்த ரோபோ கையைப் பிடித்திருக்காவிட்டால் எஸ்தர் தனிமரமாகியிருப்பாள்.

"அடுத்த வாட்டி ரோபோ பக்கத்துல இல்லன்னா?" என்றாள் எஸ்தர். "டாக்டரம்மாவப் பாத்துட்டு வாங்களேன். காய்ச்சல்னா போக மாட்டீங்களா?"

"காய்ச்சல் வேற, இது வேற. ஆஸ்பத்திரி ஊருக்கு நட்ட நடுவுல இருக்கு. நாலு பேர் பாத்தா பைத்தியம்னு முத்திரை குத்திருவாங்க."

"அப்ப பின்னாடி தண்ணிக்குழாய்ப் பாதையில போங்க. எப்படியோ, நீங்க உசுரோட இருந்தாப் போதும் எனக்கு."

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவரைக் கிளப்பியது. வெளிவேலைக்கு மாட்டும் கறுப்புக் கண்ணாடிக் கவசத்தை ஊருக்குள்ளேயே மாட்டி முகத்தை மறைத்துக்கொண்டு, யாரும் நடமாடாத குழாய்ப் பாதையில் நுழைந்தார்.

உள்ளே கறுப்புக் கவசம் அணிந்த ஒரு கூட்டமே வரிசையில் நின்றிருந்தது.

சந்தேகப்பட்டது சரிதான், பிடிக்க வந்துவிட்டார்கள் என்று அவர் ஓடத் திரும்பினார். அப்போது வரிசையில் கடைசியாக நின்றவர் பலமாகத் தும்மினார். கவசத்துக்குள் தும்மினால் கண்ணாடி நனைந்து கண் தெரியாது. வேறு வழியில்லாமல் கழற்றினார். நீலமேகம்.

"நீங்களா?" என்றபடி ஞானதுரையும் தன் கவசத்தைக் கழற்றினார்.

நீலமேகத்தின் முகம் வெளிறிவிட்டது. "நாலு மாசமா வர்றேன் சார். தெருவுல நீங்க என்னையே பாக்கறப்பல்லாம், இவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்கு உதறும்."

"நீங்கதான் என்னை வேவு பாக்கறீங்கன்னு நான்..." ஞானதுரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு தாராளமாக வந்தது.

டாக்டர் பர்வீன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இது குணமாகற விஷயம்தான். பயம் வர்றப்ப என்ன செய்யணும்னு பழகிக்கலாம், கொஞ்ச நாள் மாத்திரையும் சாப்பிடுங்க. ஆனா முன்வாசல் வழியா வந்தா இப்படி நிக்க வேணாமே? வருஷக்கணக்கா அந்தப் பக்கம் ஒருத்தரும் வர்றதில்ல. நான் கீரை போட்டிருக்கேன்."

ஞானதுரைக்குக் குணமானது. மறுபடி கூரைமேல் ஏறினார், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துடைத்தார். எஸ்தர் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஊர்க்கூட்டம் வந்தது. பின்வழி வரிசை இப்போது ஊரறிந்த விஷயம், இனி எல்லோரும் தாராளமாக முன்வாசல் வழியாகவே வரலாமே என்றார் டாக்டர். நியாயம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு நீலமேகம் எழுந்தார்.

"குழாய்ப் பாதை எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. இனிமே அதுல எப்படிங்க மானத்தோட போறது? யாருக்கும் தெரியாம வேற ஒரு பாதை வெட்டணும்."

யாருக்கும் தெரியாத அந்தப் பாதைக்கு ஆதரவாக ஊர் மொத்தமும் கையைத் தூக்கியது. ஞானதுரையும் தூக்கினார். பூரணமாகக் குணமாகியிருந்த அவர் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.