பித்தளைத் தகட்டில் பதினாறு

காலை 10.10. ஸ்கேன் நிலையத்தின் ஒன்பது வருடப் படங்கள் காணாமல் போயிருந்தன. நான்கு டிஸ்க்கில் செத்தது ஒன்றுதான். ஒவ்வொரு படமும் நான்கிலும் துண்டு துண்டாகக் கிடந்ததால், மற்ற மூன்றும் துணைக்குப் போய்விட்டன. படங்கள் முன்பு இருந்த பழைய கணினியையோ, புதிய சர்வரின் திறப்பு விழா முடிந்த கையோடு எடைக்குப் போட்டாயிற்று.

10.25. போலீஸ் இன்ஸ்பெக்டரும் நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் முன்னே போக, கடைசியாக சர்வர் அறைக்குள் வந்த இயக்குநர், கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த நாற்காலியை நகர்த்தினார். “எதுலயும் ஒழுங்கு வேணும்.” கதவு சாத்திக்கொண்டது. உள்ளிருந்து திறக்கவும் அட்டை காட்ட வேண்டும். எந்த அட்டை செல்லும் என்ற பட்டியலும் அதே டிஸ்க்குகளில்தான் இருந்தது.

“பூட்டுக்காரர் வர ஒரு மணி நேரமாகும் சார்!” என்றது வெளியே ஒரு குரல்.

“நல்லதாப் போச்சு, யாரும் ஓட முடியாது,” என்றார் இன்ஸ்பெக்டர்.

சுவரில் திறப்பு விழாத் தகடு: ‘16 டெராபைட் தரவுப் பெருங்களஞ்சியம்’. எழுத்தெல்லாம் மங்கியிருக்க, பதினாறு மட்டும் பளபளத்தது.

“ஒவ்வொரு எழுத்தும் நானே பாத்துப் பாத்து வச்சது,” என்று இயக்குநர் பூரித்தார். பிறகு நினைவு வந்து முகத்தைச் சுளித்தார். “ஒண்ணு போனா எல்லாம் போற மாதிரி முதல் நாளே அமைச்சிருக்கா சார் இந்தப் பொண்ணு. வேணும்னே! புகார் எழுதிக் கொடுத்துட்டேன்.”

புகார் நின்றால் அவளுக்கு வேலை மட்டுமல்ல, வெளியுலகமும் போய்விடும்.

“நீ சொல்லும்மா.”

“ஒவ்வொரு டிஸ்க்கும் நாலு டெராபைட் சார். ரெண்டுல படம், ரெண்டுல அதோட நகல்னு வச்சேன். இடம் எட்டுதான் கிடைக்கும். ஆனா ஒண்ணு செத்தாலும் படம் போகாது. அக்கா பிரசவத்துக்கு லீவுல போனேன். திரும்பி வந்தா விழாவே முடிஞ்சிருந்துச்சு, பாஸ்வேர்டும் மாறியிருந்துச்சு.”

“பாதுகாப்பு!” என்றார் இயக்குநர்.

“நீ எட்டுதான் வச்சேன்னு அத்தாட்சி?”

“அந்தப் பதிவும் அதே டிஸ்க்குலதான் சார்.” என்றாள் அவள்.

10.50. அறை வெந்தது. பதினாறு மட்டும் மங்காதது உறுத்த, இன்ஸ்பெக்டர் வண்டிச் சாவியால் அதை நெம்பினார். ஒட்டியிருந்த துண்டு கழன்று விழுந்தது. அடியில், ஆழமாகச் செதுக்கிய எட்டு.

“முதல் நாளே பதினாறா இருந்தா, இங்க எட்டுன்னு எதுக்கு செதுக்கினீங்க? தகடு செஞ்சப்ப எட்டு. திறந்து வைக்கறப்ப பதினாறு. நடுவுல இந்தப் பொண்ணு லீவு. நகலை எடுத்துட்டு, நாலு டிஸ்க்கையும் ஒண்ணாச் சேத்துப் பதினாறுன்னு கணக்குக் காட்டினது நீங்க. பழி இவ தலைக்கு.”

இயக்குநர் விழுந்த துண்டை எடுத்துத் தகட்டில் மறுபடி பொருத்திப் பார்த்தார். “எட்டுன்னா… பாக்க சின்னதா இருந்துச்சு சார்.”

பெண் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, காலையிலிருந்து முதல்முறையாக மூச்சு விட்டாள்.

இயக்குநர் கதவை அறைந்தார். “யோவ், எப்பய்யா திறப்பீங்க?”

“என்ன சார் அவசரம்?” என்றார் இன்ஸ்பெக்டர். “அடுத்து நீங்க போற அறையையும் வெளியிலிருந்துதான் திறப்பாங்க.”