தோப்பில் ஒரு தோள்

"ஐயோ... எலும்பு!"

தென்னங்கன்றுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்த ராமாயி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துத் தோப்பு. மக்கிய வெள்ளைத் துணி மூட்டை. உள்ளே எலும்புத் துண்டுகள்... கூடவே, காம்பு வைத்த ஓர் உலோகக் குண்டு!

மதியத்துக்குள் அந்தக் குண்டு தஞ்சாவூரின் மூட்டு மாற்று டாக்டர் குணசேகரனின் மேஜைக்கு வந்துவிட்டது.

"செயற்கைத் தோள்மூட்டு," என்றார் டாக்டர்.

"நம்பர் பொறிச்சிருக்கு. யாரோடதுன்னு பாருங்க," என்றாள் இன்ஸ்பெக்டர் தர்ஷினி.

கம்ப்யூட்டரில் தேடியவர் வெளிறிப்போனார்.

"மீரா உசேன். பதினோரு வருஷம் முன்னாடி நான்தான் வெச்சேன். ஆனா..."

"ஆனா?"

"போன மாசம் அவர்கிட்ட போன்ல பேசினேன்! 'பூரண நலம்'னு எழுதியிருக்கேன்."

"மூட்டையில தென்னை வேர் பின்னிக் கிடக்கு. புதைச்சு அஞ்சாறு வருஷமாவது இருக்கும். அப்ப போன்ல பேசினது யாரு... பேயா?"

டாக்டரின் பார்வை மேஜைமேல் இருந்த உரைத் தாளுக்குப் போனது; தர்ஷினியும் எட்டிப் படித்தாள்.

நாளை மருத்துவ மாநாடு. 'நாற்பது தோள்கள், பத்து வருடம் தாண்டியும் ஒன்றுகூடப் பழுதில்லை!' மேடையில் அவர் படிக்கப்போகும் வரி அது.

"அந்தத் தோப்பே முன்ன மீரா உசேனோடதுதான். சொத்துக்காக ஆளை வெட்டிப் புதைச்சிருக்காங்க. வாங்க, வீட்டுக்குப் போவோம்!"

கதவைத் திறந்தவள் மனைவி ஆயிஷா.

"மீரா உசேன் எங்கேம்மா?" என்றாள் தர்ஷினி.

"தொழுதுட்டு இருக்காங்க. உக்காருங்க."

"விளையாடாதீங்க!"

உள்ளேயிருந்து வந்தார் மீரா உசேன்.

உயிரோடு!

"அட, டாக்டரா? வாங்க, வாங்க!"

சலாம் வைக்கத் தூக்கிய வலது கை நெஞ்சோடு நின்றுவிட்டது; அதற்கு மேல் ஏறவில்லை.

டாக்டர் உலோகக் குண்டை நீட்டினார். "இது..."

"என்னோடதுதான். உள்ளயே லூசாயி ஆட ஆரம்பிச்சிடுச்சு. ஆறு வருஷம் முன்னாடி கும்பகோணத்துல அதையும் ஒட்டியிருந்த எலும்பையும் எடுத்துட்டு வேற வெச்சாங்க. உடம்புல இருந்த எலும்பைக் குப்பையில போடலாமா? கேட்டு வாங்கிட்டு வந்து, எங்க வழக்கப்படி துணி சுத்தி, அப்ப எங்களோடதா இருந்த தோப்புல அடக்கம் பண்ணேன்."

"எங்கிட்ட ஏன் வரலை?"

"மூணு தடவை வந்தோமே!" ஆயிஷா குறுக்கே புகுந்தாள். "'வயசாச்சுல்ல, வலிக்கத்தான் செய்யும்'னு மாத்திரை எழுதி அனுப்பிட்டீங்க. வேற டாக்டர்கிட்ட போனதைச் சொல்ல இவங்களுக்கு வெக்கம்."

"ஆனா... நல்லா இருக்கீங்களான்னு போன்ல கேட்டேனே. 'அல்ஹம்துலில்லாஹ்'னு சொன்னீங்களே!"

மீரா உசேன் சங்கடமாகத் தலையைத் தடவினார்.

"யார் கேட்டாலும் அதான் சொல்லுவேன் டாக்டர். என்னைப் பெத்த வாப்பா மௌத்தாகி அடக்கம் பண்ண அன்னிக்கும் அதான் சொன்னேன். அது அல்லாவுக்குச் சொல்ற நன்றி. கையைப் பத்தி நீங்க கேக்கவே இல்லையே!"



நாற்பது பேரிடமும் டாக்டர் கேட்டது அந்த ஒரே கேள்விதான். ஆளுக்கு அரை நிமிடம்.

தர்ஷினி தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"கொலை கேஸ் முடிஞ்சுது... மீதி முப்பத்தொன்பது பேர் தோப்பையும் தோண்டிப் பார்த்துடலாமா, டாக்டர்?"